சிறுவேட்டை விலங்கும் தீங்கு விலங்கும்: வனவுயிரினச் சட்டத்தின் வகைப்பாடும் குறிஞ்சித்திணையின் பயிர்க்காவலும்

ஆய்வுச்சுருக்கம்

வேட்டையை ஒழுங்குபடுத்தும் சட்டங்கள் விலங்குகளைப் பெயரிட்டு வகைப்படுத்துகின்றன. ‘சிறுவேட்டை விலங்கு’, ‘தீங்கு விலங்கு’ என்னும் இரு வகைகளும் அவ்வாறு உருவானவை. 1972ஆம் ஆண்டின் இந்திய வனவுயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் இவ்விரு வகைகளும் பெற்ற இடத்தையும், 1991, 2022 ஆகிய ஆண்டுகளின் திருத்தங்களால் அவை அடைந்த மாற்றத்தையும் இக்கட்டுரை விளக்குகிறது. பயிரைக் காக்கும் உழவருக்கு இன்றைய விதிகள் எவற்றை இசைகின்றன, எவற்றைத் தடுக்கின்றன என்பதும், இச்சிக்கலைச் சங்க இலக்கியம் எந்தச் சொற்களால் எண்ணியது என்பதும் ஒப்புநோக்கப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: வேட்டை, தீங்கு விலங்கு, அட்டவணை, பயிர்க்காவல், குறிஞ்சித்திணை, கேழல்.

முன்னுரை

ஐங்குறுநூற்றின் குறிஞ்சிப் பகுதியைப் பாடிய கபிலர், அதன் இறுதி நான்கு பத்துகளைக் கேழற்பத்து, குரக்குப்பத்து, கிள்ளைப்பத்து, மஞ்ஞைப்பத்து என அமைத்துள்ளார். காட்டுப்பன்றி, குரங்கு, கிளி, மயில் என்னும் இந்நான்கும் குறிஞ்சியின் கருப்பொருள்கள். இன்று தமிழக உழவர்கள் பயிர்ச்சேதம் குறித்து மாவட்ட ஆட்சியர் அலுவலகங்களின் குறைதீர் கூட்டங்களில் அளிக்கும் மனுக்களிலும் பன்றி, குரங்கு, மயில் ஆகியவற்றின் பெயர்கள் தவறாமல் இடம்பெறுகின்றன. இரண்டாயிரம் ஆண்டுகளாகத் தொடரும் இவ்வுறவில் மாறியிருப்பது விலங்கன்று. அவ்விலங்கை எவ்வாறு பெயரிடுவது, அதன்மேல் கைவைக்கும் உரிமை யாருக்கு உரியது என்பனவே மாறியுள்ளன. அம்மாற்றத்தின் வரலாறு சட்டத்தின் சொற்களில் பதிந்து கிடக்கிறது.

1. வேட்டைச் சட்டத்தின் தோற்றம்

சென்னை மாகாணத்தில் காட்டுயானைகளைக் காக்கும் சட்டம் 1873இல் இயற்றப்பட்டது. அதனைத் தொடர்ந்து 1879இல் நீலகிரி மாவட்டத்திற்கென வேட்டை விலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டம் வந்தது. இச்சட்டத்தின் நோக்கம் வேட்டையை ஒழிப்பதன்று. வேட்டை தொடர்ந்து கிடைக்கும்படி பார்த்துக்கொள்வதே ஆகும். ஆண்டின் குறிப்பிட்ட மாதங்களை வேட்டையாடாப் பருவமாக அறிவிக்கும் அதிகாரம் அரசுக்கு வழங்கப்பட்டது. காட்டெருமை, கடமான் போன்ற பெரிய விலங்குகளோடு முயல், காட்டுக்கோழி, கௌதாரி போன்ற சிற்றுயிர்களும் இச்சட்டத்தில் வேட்டை விலங்குகளாயின.

வேட்டை விலங்கு என்னும் வகை உருவானபோதே அதற்கு எதிரான மற்றொரு வகையும் உருவாயிற்று. மானையும் முயலையும் தின்னும் ஊனுண்ணிகள் வேட்டைக்காரருக்குப் போட்டியாளர்களாகக் கருதப்பட்டன. செந்நாயைக் கொன்றோருக்குப் பரிசுப்பணம் வழங்கும் வழக்கம் நீலகிரியில் நெடுங்காலம் நிலவியது. பயிருக்குச் செந்நாய் எவ்விதத் தீங்கும் செய்வதில்லை; பயிரை மேயும் மானையும் பன்றியையும் அது உண்பதால் உழவருக்கு ஒருவகையில் துணையாகவே அமைகிறது. ஆயினும் அது தீங்கு விலங்காயிற்று. தீங்கு என்பது யாருடைய பார்வையில் தீங்கு என்னும் வினாவை இவ்வெடுத்துக்காட்டு எழுப்புகிறது. பரிசுப்பணம் பெற்றுத்தந்த அதே செந்நாய், 1972ஆம் ஆண்டுச் சட்டத்தில் இரண்டாம் அட்டவணையில் பாதுகாப்புப் பெற்றது என்பது இங்கு நினைவிற்கொள்ளத்தக்கது.

2. 1972ஆம் ஆண்டுச் சட்டமும் ஐந்து அட்டவணைகளும்

1972இல் நாடாளுமன்றம் இயற்றிய வனவுயிரினப் பாதுகாப்புச் சட்டம், அதன் முதல் வடிவில் விலங்குகளை ஐந்து அட்டவணைகளாகப் பகுத்தது. முதல் அட்டவணை வேட்டைக்கு முற்றிலும் விலக்கப்பட்ட உயிர்களுக்கு உரியது. இரண்டாவது சிறப்பு வேட்டை விலங்குகளுக்கும், மூன்றாவது பெருவேட்டை விலங்குகளுக்கும், நான்காவது சிறுவேட்டை விலங்குகளுக்கும் உரியன. ஐந்தாவது தீங்கு விலங்குகளின் பட்டியல். இடைப்பட்ட மூன்று அட்டவணைகளுக்கும் தனித்தனி வேட்டை உரிமங்கள் இருந்தன. முயல், கௌதாரி, காடை போன்றவை சிறுவேட்டை அட்டவணையில் அமைந்தன. காட்டுப்பன்றி, புள்ளிமான், கடமான் ஆகியவை மூன்றாம் அட்டவணையில் இடம்பெற்றன.

ஐந்தாம் அட்டவணையில் காகம், பழந்தின்னி வௌவால், எலி, சுண்டெலி ஆகியவை இருந்தன. தொடக்கத்தில் நரியும் அதில் இடம்பெற்றுப் பின்னர் இரண்டாம் அட்டவணைக்கு மாற்றப்பட்டது. இப்பட்டியலில் உள்ள உயிரைக் கொல்ல உரிமம் தேவையில்லை, பருவம் இல்லை, எண்ணிக்கை வரம்பும் இல்லை. பாதுகாப்புச் சட்டம் ஒன்றனுள் பாதுகாப்பே இல்லாத உயிர்களின் பட்டியலாக அது நின்றது.

‘வேட்டை’ என்னும் சொல்லுக்கு இச்சட்டம் தரும் பொருள் வழக்குப்பொருளினும் விரிந்தது. கொல்லுதல் மட்டுமன்றி, நஞ்சூட்டல், பிடித்தல், கண்ணி வைத்தல், பொறி வைத்தல், துரத்துதல், இரைகாட்டி ஈர்த்தல், காயப்படுத்தல் ஆகியவையும், பறவை, ஊர்வன ஆகியவற்றின் முட்டைகளையும் கூடுகளையும் சிதைத்தலும் வேட்டையே ஆகும். சேலம் மாவட்டம் வாழப்பாடி வட்டாரச் சிற்றூர்களில் பொங்கலையொட்டி நடைபெறும் ‘வங்காநரி ஜல்லிக்கட்டு’ இதற்கு எடுத்துக்காட்டு. நரியைப் பிடித்து வந்து, ஊர்வலமாகக் கொண்டுசென்று, ஓடவிட்டு, மீண்டும் காட்டில் விடுவதே மரபு. நரி முகத்தில் விழித்தால் ஆண்டு செழிக்கும் என்பது ஊரார் நம்பிக்கை. நரியைக் கொல்லும் நோக்கம் இதில் இல்லை. ஆயினும் பிடித்தலே வேட்டை என்னும் வரையறையின்படி இது குற்றமாகிறது. வனத்துறையினர் இதற்குத் தடையும் தண்டமும் விதித்து வருகின்றனர். வழிபாடு, வேட்டை என இரு பெயர்கள் ஒரே செயலின்மேல் விழுவதை இங்குக் காணலாம்.

3. 1991: சிறுவேட்டையின் முடிவு

1991ஆம் ஆண்டுத் திருத்தம் வேட்டை உரிம முறையையே நீக்கிற்று. முதல் நான்கு அட்டவணைகளில் உள்ள எந்த விலங்கையும் வேட்டையாடலாகாது என்பது பொதுவிதியாயிற்று. சிறுவேட்டை விலங்கு என்னும் வகை அதனோடு நடைமுறைப் பயனை இழந்தது. முயலுக்கும் கௌதாரிக்கும் அட்டவணை இருந்தது; வேட்டைக்கான உரிமமோ பருவமோ இல்லை.

பொழுதுபோக்காக வேட்டையாடியோர் இழந்தது ஒரு பொழுதுபோக்கை மட்டுமே. சிறுவேட்டையை வாழ்வாதாரமாகக் கொண்டோர் நிலை அத்தகையதன்று. காடை, கௌதாரி, முயல் ஆகியவற்றைப் பிடித்து விற்று வாழ்ந்த நரிக்குறவர் சமூகத்தினரின் தொழில் குற்றமாயிற்று. ஊசிமணி, பாசிமணி விற்பனையே அவர்களில் பலருக்கு எஞ்சிய பிழைப்பு.

இருளர் வரலாறு சற்று வேறானது. பாம்புத்தோல் வணிகம் தடைப்பட்டபின், 1978இல் தொடங்கப்பட்ட இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம், பாம்பைக் கொல்லாமல் நஞ்சை எடுத்து விடுவிக்கும் தொழிலுக்கு வழிவகுத்தது. அவர்கள் அறிந்த மற்றொரு தொழில் எலிபிடித்தல். வயல் வரப்பின் வளைகளை இனங்கண்டு, புகையிட்டு, எலியைப் பிடித்து, அது சேர்த்துவைத்த நெல்லையும் எடுத்துக்கொள்ளும் அத்தொழிலுக்குத் தடை வரவில்லை. எலி ஐந்தாம் அட்டவணையில் இருந்ததே அதற்குக் காரணம். பாம்பு பிடித்தலும் எலி பிடித்தலும் ஒரே அறிவின் இரு கிளைகள். அவற்றுள் ஒன்று அனுமதி பெற்றுச் செய்யவேண்டியதாயிற்று. மற்றொன்று எவரும் கேளாததாயிற்று. இவ்வேறுபாட்டை உருவாக்கியது அட்டவணை எண் மட்டுமே.

4. உழவருக்குச் சட்டம் தரும் வழிகள்

வேட்டைத் தடைக்குச் சட்டம் மூன்று விலக்குகளை அளிக்கிறது. முதலாவது தற்காப்பு. தன்னுயிரையோ பிறர் உயிரையோ காக்க நன்னம்பிக்கையுடன் ஒரு விலங்கைக் கொல்லுதலும் காயப்படுத்தலும் குற்றமாகா. ஆயின் அவ்வேளையில் சட்டமீறல் எதிலும் ஈடுபட்டிருந்தவருக்கு இவ்விலக்குப் பொருந்தாது. அவ்வாறு கொல்லப்பட்ட விலங்கு அரசின் உடைமை. பயிரைக் காத்தல் இவ்விலக்கினுள் அடங்காது என்பது முதன்மையானது.

இரண்டாவது, 11ஆம் பிரிவின் கீழ்த் தலைமை வனவுயிரினக் காப்பாளருக்கு உள்ள அதிகாரம். முதல் அட்டவணை விலங்காயின், அது மனித உயிருக்கு ஆபத்தானதாகவோ, மீளவியலாதவாறு ஊனமுற்றோ நோயுற்றோ இருத்தல் வேண்டும். பிடித்தல், மயக்கமூட்டல், இடம்பெயர்த்தல் ஆகியவற்றுக்கு வழியில்லை என்பதும் உறுதியாதல் வேண்டும். பிற அட்டவணை விலங்குகளுக்கு விதி நெகிழ்வானது. உயிருக்கு மட்டுமன்றி, விளைந்து நிற்கும் பயிர் உள்ளிட்ட உடைமைக்குக் கேடு நேரினும், காரணங்களை எழுத்தில் பதிந்து வேட்டைக்கு அனுமதி வழங்கலாம். இதனால் பன்றிக்கும் மயிலுக்கும் இடையே பெரும் வேறுபாடு தோன்றுகிறது. நாட்டுப்பறவையான மயில் முதல் அட்டவணையில் உள்ளது. நிலக்கடலையையும் நெல்லையும் மயில் எவ்வளவு அழித்தாலும், பயிர்ச்சேதம் என்னும் காரணத்தால் அதனை வேட்டையாட இப்பிரிவு இடந்தருவதில்லை.

மூன்றாவது, 62ஆம் பிரிவு. இதன்படி நடுவண் அரசு, குறிப்பிட்ட பகுதியில், குறிப்பிட்ட காலத்திற்கு ஒரு விலங்கைத் தீங்கு விலங்கென அறிவிக்கலாம். இவ்வதிகாரம் மாநிலங்களிடம் இல்லை. 2015 டிசம்பரில் பீகாரில் நீலான், காட்டுப்பன்றி ஆகியவையும், 2016 பிப்ரவரியில் உத்தரகாண்டில் காட்டுப்பன்றியும், 2016 மார்ச்சில் இமாச்சலப் பிரதேசத்தின் சிம்லா நகரில் செம்முகக் குரங்கும் வரையறுக்கப்பட்ட காலத்திற்கு அவ்வாறு அறிவிக்கப்பட்டன. 2016 ஜூன் மாதம் பீகாரின் மொகாமா பகுதியில் இருநூற்றுக்கும் மேற்பட்ட நீலான்கள் சுட்டுக்கொல்லப்பட்டபோது நடுவண் அமைச்சர்களிடையே வெளிப்படையான கருத்துவேறுபாடு எழுந்தது. அறிவிக்கைகளுக்கு இடைக்காலத் தடை விதிக்க உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது.

11ஆம் பிரிவுக்கும் 62ஆம் பிரிவுக்கும் உள்ள வேறுபாடு ஆழமானது. முன்னது ஒரு சூழலை ஆராய்ந்து, ஓர் அலுவலர் பொறுப்பேற்று, காரணம் எழுதி வழங்கும் அனுமதி. பின்னது ஓர் இனத்தின் பாதுகாப்பையே அப்பகுதியில் விலக்கிவிடும் அறிவிப்பு. அறிவிக்கை நடப்பில் உள்ளவரை எவர் கொன்றார், எத்தனை கொன்றார் என்று வனவுயிரினச் சட்டம் வினவுவதில்லை. படைக்கலச் சட்டமும் 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடைச் சட்டமும் மட்டுமே எஞ்சும்.

5. 2022: தீங்கு விலங்கின் புதிய பொருள்

2022ஆம் ஆண்டுத் திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அட்டவணைகள் நான்காகச் சுருங்கின. முதல் இரண்டும் விலங்குகளுக்கும், மூன்றாவது தாவரங்களுக்கும், நான்காவது பன்னாட்டு வணிக உடன்படிக்கையின் கீழ் வரும் உயிரினங்களுக்கும் உரியன. சிறுவேட்டையின் பழைய அட்டவணையும், தீங்கு விலங்குகளின் நிலையான பட்டியலும் மறைந்தன. ‘தீங்கு விலங்கு’ என்பதற்கு, 62ஆம் பிரிவின் கீழ் அறிவிக்கப்பட்ட விலங்கு என்பதே இன்றைய வரையறை. இரண்டாம் அட்டவணை விலங்குகளை மட்டுமே அவ்வாறு அறிவிக்க இயலும்.

இம்மாற்றத்தின் கருத்தியல் முதன்மை போதிய கவனம் பெறவில்லை. பழைய சட்டத்தில் தீங்கு என்பது சில உயிர்களின் பிறப்போடு ஒட்டிய இயல்பாகக் கொள்ளப்பட்டது. பழந்தின்னி வௌவால் அனைத்தும் தீங்கு விலங்கு என்றது சட்டம். ஆனால் இலுப்பையின் மகரந்தச் சேர்க்கைக்கும் காட்டு மரங்களின் விதைபரவலுக்கும் உதவுவன அவ்வௌவால்களே. வௌவால்கள் தங்கும் ஆலமரத்தைக் காத்து, அவை அஞ்சாதிருக்கத் தீபாவளிக்கும் வெடி வெடிக்காத சிற்றூர்கள் தமிழகத்தில் உள்ளன. மேகமலைப் பகுதியில் கண்டெடுக்கப்பட்டு 1972இல் அறிவியல் உலகிற்கு அறிமுகமான சலீம் அலி பழந்தின்னி வௌவாலைப் பின்னர்த் தனியே பிரித்து முதல் அட்டவணையில் சேர்க்கவேண்டியதாயிற்று. இனப்பெயரால் தீங்கை வரையறுத்ததன் இடர்ப்பாட்டை இது காட்டுகிறது. புதிய சட்டத்தில் தீங்கு என்பது இயல்பன்று. இடத்தாலும் காலத்தாலும் வரையறுக்கப்பட்ட ஒரு நிலை.

எனவே தமிழ்ச் சட்டச்சொல்லாக்கத்திலும் கவனம் தேவை. ‘தீங்குயிரி’ என்னும் சொல் வினைத்தொகைபோல் ஒலித்து, முக்காலத்தும் தீங்கே செய்யும் உயிர் என்னும் பொருளைத் தரக்கூடும். ‘தீங்கென அறிவிக்கப்பட்ட விலங்கு’ என்பது நீண்ட தொடராயினும் சட்டத்தின் இன்றைய கருத்துக்கு நெருக்கமானது. அறிவித்தவர் ஒருவர் உண்டு, அறிவிப்புக்கு முடிவுநாள் உண்டு என்னும் குறிப்பை அத்தொடர் தன்னுள் கொண்டுள்ளது.

6. குறிஞ்சித்திணையின் பயிர்க்காவல்

சங்க இலக்கியத்தில் பயிரழிக்கும் விலங்கிற்கெனத் தனி வகைப்பெயர் அமையவில்லை. கேழலும் கிளியும் தத்தம் பெயராலேயே சுட்டப்படுகின்றன. பெயர்பெற்றுப் பெருகியவை காவலின் கருவிகளே. தழல், தட்டை, குளிர், கவண் என்பன ஒலியாலும் கல்லாலும் பறவைகளையும் விலங்குகளையும் ஓட்டுவன. இதணம், பரண், கழுது என்பன காவலர் அமரும் உயரிடங்கள். விலங்கைக் கொல்லாமல் விலக்கும் பணிக்கு இத்துணைச் சொற்கள் வழங்கியமை, அப்பணி நாள்தோறும் நிகழ்ந்ததைக் காட்டுகிறது. கிள்ளைப்பத்தில் தலைவன் கிளிகளை வாழ்த்துகிறான். அவை தினையை உண்ண வருவதாலன்றோ தலைவி புனங்காக்க வருகிறாள். பயிருக்குப் பகையான கிளி காதலுக்குத் துணையாகிறது.

இதனால் அக்காலத்தவர் விலங்கைக் கொல்லவில்லை எனக் கொள்ளலாகாது. பெரும்பாணாற்றுப்படையில் வேட்டுவர் நாய்களைக் கொண்டு முயலை வலையில் வீழ்த்துகின்றனர். நீருண்ண வரும் பன்றிக்காகக் குழியினுள் ஒளிந்து இரவில் காத்திருக்கின்றனர். புறநானூற்றின் 324ஆம் பாடலில் வேட்டுவச் சிறுவர் சிறு வில்லேந்திப் பருத்திவேலியில் ‘கருப்பை’ என்னும் எலியைத் தேடுகின்றனர். சிறுவேட்டை அன்று உணவும் பயிற்சியும் ஆகும்.

மலைபடுகடாம் தரும் செய்தி இன்றைய நிலைக்கு மிக நெருக்கமானது. விளைபுனத்தை அழிக்கும் கேழலுக்கு அஞ்சிக் கானவர், பெருங்கல்லால் ஆன ‘அடார்’ என்னும் பொறியை வழியோரங்களில் அமைத்திருப்பர். எனவே இரவில் செல்லாது விடிந்தபின் செல்க என்று கூத்தர்க்கு அறிவுறுத்தப்படுகிறது. பன்றிக்கு வைத்த பொறி பன்றியை மட்டுமே வீழ்த்தும் என்பதற்கு உறுதியில்லை என்பதை அப்புலவர் அறிந்திருந்தார். இன்று அடாரின் இடத்தில் அவுட்டுக்காயும் திருட்டு மின்வேலியும் உள்ளன. 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே, விளைநிலத்தைச் சுற்றி அமைக்கப்பட்ட மின்வேலியில் மூன்று யானைகள் மாண்டன. வேலி அமைத்தவரின் நோக்கம் யானையைக் கொல்வதன்று. அடாருக்கும் மின்வேலிக்கும் உள்ள வேறுபாடு ஒன்றே. அடாரைப் பற்றி வழிப்போக்கரை எச்சரிக்க ஒருவர் இருந்தார். சட்டத்திற்கு மறைவாக அமைக்கப்படும் மின்வேலியைப் பற்றி எவரும் எவரையும் எச்சரிக்க இயலாது.

7. மாநிலங்களின் இடைவழி

62ஆம் பிரிவின் அதிகாரம் நடுவண் அரசிடம் இருப்பதால், மாநிலங்கள் 11ஆம் பிரிவைப் பயன்படுத்தி வழிகண்டுள்ளன. கேரள அரசு காட்டுப்பன்றியைத் தீங்கு விலங்காக அறிவிக்குமாறு பலமுறை கோரியும் ஏற்கப்படாத நிலையில், 2022 மே மாதம் உள்ளாட்சித் தலைவர்களுக்கு மதிப்புறு வனவுயிரினக் காப்பாளர் நிலை வழங்கி, பயிரழிக்கும் பன்றிகளைச் சுட ஆணையிடும் அதிகாரத்தை அளித்தது.

தமிழகம் தொலைவை அளவாகக் கொண்டது. 2025 சனவரியில் சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டவாறு, காப்புக்காட்டின் எல்லையிலிருந்து 1 கிலோமீட்டர் வரை காட்டுப்பன்றியைச் சுடுதல் கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடுதல் வேண்டும். 3 கிலோமீட்டருக்கு அப்பால் வனத்துறையினர் சுடலாம். சுடும் உரிமை உழவருக்கு வழங்கப்படவில்லை.

இவ்விரு முறைகளும் இனப்பெயரை மட்டும் நோக்காமல் நிகழிடத்தை நோக்குகின்றன. காட்டினுள் உள்ள பன்றியும் கடலைக்காட்டில் உள்ள பன்றியும் சட்டத்தின் பார்வையில் வேறாகின்றன. நிலத்தை முதற்பொருளாகவும் விலங்கைக் கருப்பொருளாகவும் கொள்ளும் திணைக்கோட்பாட்டிற்கு இவ்வணுகுமுறை அயலானதன்று. எனினும் திணைமரபைச் சட்டமாகக் கொள்ளுதல் பொருந்தாது. அது இலக்கிய ஒழுங்கு. காவலுக்கு ஆளும் நேரமும் இருந்த சமூகத்தின் ஒழுங்கும் ஆகும். இன்று இரவு முழுதும் பரணில் விழித்திருக்க ஆளில்லாத சிறு உழவருக்குத் தட்டையும் குளிரும் விடையாகா. ஆணை பெற்று வனத்துறையினர் வந்துசேர்வதற்குள் ஓர் இரவில் கிழங்குப்பயிர் முழுதும் அழிந்துவிடக்கூடும். அந்த இடைவெளியில்தான் அவுட்டுக்காய் நுழைகிறது.

முடிவுரை

வேட்டை விதிகளின் வரலாற்றில் மூன்று நிலைகள் புலனாகின்றன. குடியேற்றக் காலச் சட்டம் வேட்டைக்காரரின் நலன்கருதி விலங்குகளைப் பகுத்தது. 1972ஆம் ஆண்டுச் சட்டம் அப்பகுப்பைப் பாதுகாப்பின் கருவியாக மாற்றியது. ஆயினும் சில உயிர்களை இயல்பாலேயே தீங்கெனக் கொண்டது. 2022ஆம் ஆண்டுத் திருத்தம் தீங்கை இடத்திற்கும் காலத்திற்கும் உரிய நிலையாக்கியது.

சிறுவேட்டை விலங்கு என்னும் வகை மறைந்தபோது, அதனைச் சார்ந்து வாழ்ந்தோரின் உயிரறிவும் சட்டத்தின் பார்வையிலிருந்து மறைந்தது. இருளர் கூட்டுறவுச் சங்கம் காட்டிய வழி, அவ்வறிவை அழிக்காமலே உயிரைக் காக்க இயலும் என்பதற்குச் சான்று. தீங்கு விலங்கின் புதிய வரையறையும் பயனளிக்க வேண்டுமாயின், அறிவிக்கையின் எல்லையும் காலமும் கள ஆய்வின்மேல் அமைதல் வேண்டும். 11ஆம் பிரிவின் ஆணை, பயிர் அழியுமுன் உழவரை எட்டுதல் வேண்டும். மலைபடுகடாத்தில் அடாரின் இருப்பிடத்தை அறிந்தவர் அதனை வழிச்செல்வோர்க்கு உரைத்தார். விதி அத்தகைய வெளிப்படைத்தன்மையையும் விரைவையும் பெறும்போதே உழவர் மறைபொறியை நாடும் தேவை குறையும்.